சிங்கப்பூர்க் கடலில் ஓங்கில்களின் (டால்பின்களின்) குரலைப் பதிவுசெய்ய எந்த முறை பொருந்தும்?

"தெற்குத் தீவுகள் பக்கம் ஓங்கில்கள் வருகின்றனவாமே, அவற்றின் ஒலியைப் பதிவுசெய்து ஆராய ஆசை. எந்தக் கருவி வாங்கலாம்?" தொடக்கக் கல்லூரி மாணவர்கள், முக்குளிப்புக் குழுவினர், வார இறுதியில் படகெடுத்துச் செல்பவர்கள் எனப் பலரும் இதைக் கேட்கிறார்கள். சிலர் சில நூறு வெள்ளிக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். சிலரிடம் ஆய்வு நிதியாகச் சில ஆயிரம் வெள்ளி இருக்கிறது. எல்லாரும் கருவியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விலங்கிலிருந்து தொடங்கினால் பாதித் தயக்கம் தானாகத் தீரும் என்பது என் கருத்து. எந்த விலங்கின் குரல், அதைப்பற்றி என்ன தெரியவேண்டும், பதிவானதை உட்கார்ந்து கேட்கப்போவது யார்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் கருவியைத் தேர்ந்தெடுப்பது எளிது.

## யாருடைய குரலைத் தேடுகிறோம்?

நம் கடலில் காணப்படுபவற்றில் இளஞ்சிவப்பு ஓங்கில் என்று பலரும் அறிந்த இந்தோ-பசிபிக் கூனல்முதுகு ஓங்கில் முதன்மையானது. குப்பிமூக்கு ஓங்கிலும் ஐராவதி ஓங்கிலும் அவ்வப்போது தென்படுகின்றன. இவற்றோடு, ஓங்கிலின் உறவான முதுகுத்துடுப்பில்லாக் கடற்பன்றியும் உண்டு. முதுகில் துடுப்பு இல்லாததால், அலை சற்றே எழும்பினாலும் அது கண்ணில் படாது.

பெரிய திமிங்கலங்கள் இங்கே வழக்கமாக வருவதில்லை. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே 10.6 மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் எண்ணெய்த் திமிங்கலத்தின் உடல் மிதந்து வந்தது. சிங்கப்பூரில் அவ்வினத்தின் முதல் பதிவு அதுதான். அதன் எலும்புக்கூட்டை லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 'ஜூபி லீ' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். உயிரோடு அது எந்தப் பக்கம் சுற்றியது என்பது எவர் காதிலும் விழவில்லை.

இந்த விலங்குகளின் குரல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை, கருவியின் விலை மாறுவதும் இங்கேதான். ஓங்கில்களின் சீழ்க்கை பெரும்பாலும் மனிதக் காதுக்கு எட்டும் எல்லைக்குள், அதாவது 20 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும். சாதாரண ஒலிப்பதிவுக் கருவி அதற்குப் போதும். இரையைத் தேட அவை எழுப்பும் சொடுக்கொலிகளோ 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். கடற்பன்றி சீழ்க்கையடிப்பதே இல்லை. அது எழுப்புவதெல்லாம் சொடுக்கொலி மட்டும்தான், அதுவும் 120 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய பட்டைக்குள். ஓர் ஒலியைச் சரியாகப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு வேகத்தில் அளக்கவேண்டும் என்பது ஒலிப்பதிவின் அடிப்படை விதி. ஆகவே கடற்பன்றிக்கு வினாடிக்கு 3 லட்சம் முறைக்குமேல் அளக்கும் கருவி தேவை. வினாடிக்கு 48,000 முறை அளக்கும் மலிவான கருவியை வாங்கி ஓராண்டு கடலுக்குள் வைத்தாலும் அதில் ஒரு கடற்பன்றிகூடப் பதிவாகாது. பிறகு "இங்கே கடற்பன்றி இல்லை" என்று அறிக்கை எழுதினால், அது பணத்தை இழப்பதைவிடப் பெரிய கேடு.

## நம் கடலின் இரைச்சல்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இங்கே இறங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 1,000 கப்பல்கள் இருக்கும். அவற்றின் இயந்திரங்களும் உந்துவிசிறிகளும் தாழ்ந்த அதிர்வெண்களை நிரப்பிவிடுகின்றன. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போனால் சொடுக்கு இறால்களின் ஆட்சி. ஒற்றைக் கொடுக்கை அது படாரென மூடும்போது உண்டாகும் நீர்க்குமிழி உடைவதுதான் அந்த ஒலி. ஆயிரக்கணக்கான இறால்கள் சேரும்போது தாளிக்கும் எண்ணெயில் கடுகு ஓயாமல் பொரிவதுபோல் இருக்கும். பவளப்பாறை, துறைமேடைத் தூண், கற்கரை என எங்கே ஒலிவாங்கியை இறக்கினாலும் இதுதான் முதலில் கேட்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடம் இந்த இறால் ஒலியையே வெளிச்சமாகப் பயன்படுத்தி நீருக்கடியில் உள்ள பொருள்களின் உருவத்தைப் பெறும் கருவி ஒன்றை உருவாக்கியது. அந்த அளவுக்கு இங்கே இறால் ஒலி மிகுதி.

ஓங்கிலின் சீழ்க்கை கீழே கப்பலுக்கும் மேலே இறாலுக்கும் நடுவில் நசுங்குகிறது. கடற்பன்றியின் சொடுக்கொலிக்கு ஒரு நன்மை உண்டு. இறாலின் சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் சிதறி, ஒழுங்கில்லாத இடைவெளியில் வரும். கடற்பன்றியின் சொடுக்கொலிகளோ ஒரே பட்டையில், சீராக மாறும் இடைவெளியோடு, சரம் சரமாக வரும். கணினியில் விரித்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைக் கடல்நீர் வேகமாக உறிஞ்சிவிடுவதால், சில நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் கேட்காது. கேட்கும் தூரம் 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கருவி காவல் காக்கும் பரப்பு சுமார் 0.13 சதுரக் கிலோமீட்டர்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

கீழே வரும் முறைகளை நான் ஐந்து கேள்விகளால் அளந்திருக்கிறேன்.

1. எந்த இனத்தின் குரல் அதில் பதிவாகும்?
2. எந்தக் கேள்விக்கு விடை தரும்? வந்ததா, எப்போது வந்தது, எத்தனை வந்தன, கப்பல் இரைச்சலில் என்ன ஆகின்றன என்பவை நான்கும் வெவ்வேறு கேள்விகள்.
3. இரவிலும் மழையிலும் வேலை செய்யுமா?
4. கருவியின் விலைக்குமேல் எவ்வளவு செலவாகும்?
5. அனுமதி, பாதுகாப்பு எப்படி?

மூன்றாவது கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். கண்ணால் பார்ப்பது பகலுக்கும் அமைதியான கடலுக்கும் மட்டுமே உரியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் சுமத்ரா புயற்காற்று அடிக்கும்போது யாரும் படகெடுக்க மாட்டார்கள். ஓங்கில்கள் அப்போதும் எங்கோ இருக்கத்தான் செய்கின்றன. அந்த நேரத்தைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடியது ஒலிதான்.

## முதல் வழி: படகிலிருந்து தொங்கவிடும் ஒலிவாங்கி

கம்பியோடு கூடிய நீரடி ஒலிவாங்கி ஒன்று, கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, காதொலிக்கருவி ஒன்று. சில நூறு வெள்ளியில் தொடங்கிவிடலாம். படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியைச் சில மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, நீரோட்டத்தோடு மிதந்தபடி கேட்பதுதான் முறை. மிதந்து செல்வதில் ஒரு வசதி உண்டு. ஒலிவாங்கியும் நீரும் ஒன்றாக நகர்வதால் நீர் உரசும் ஓசை குறைகிறது.

இதன் மதிப்பு மலிவு விலையில் மட்டும் இல்லை. விலங்கை அதே நேரத்தில் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். எந்த ஒலி எந்த இனத்தினுடையது என்று உறுதியாகச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. முதுகுத்துடுப்பின் வடுக்களையும் வெட்டுகளையும் படமெடுத்துவைத்தால் தனி விலங்குகளையே அடையாளம் காணலாம். எத்தனை வந்தன, குட்டியோடு வந்தனவா என்பதும் தெரியும். ஒலிப்பதிவு மட்டும் இதைச் சொல்லாது. ஐந்து ஓங்கில்கள் ஓயாமல் சீழ்க்கையடிக்கலாம், இருபது ஓங்கில்கள் அமைதியாகக் கடந்துபோகலாம்.

மறைந்திருக்கும் செலவு படகு வாடகை. ஒவ்வொரு பயணத்துக்கும் எரிபொருளும் படகோட்டியின் கூலியும் சேரும். சில பயணங்களிலேயே கருவியின் விலையை அது தாண்டிவிடும். படகின் அடிப்பகுதியில் அலை மோதும் ஓசை பதிவைக் கெடுக்கும். கம்பியை நேரே படகில் கட்டாமல், ஒரு மிதவையும் மீள்கயிறும் இடையில் வைத்தால் இது பெரிதும் குறையும். கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் வினாடிக்கு 96,000 அல்லது 1,92,000 முறைதான் அளக்கும் என்பதால் கடற்பன்றி இதில் சிக்காது. பகலில், நல்ல வானிலையில், மனிதர் இருக்கும்போது மட்டுமே பதிவு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆரம்பநிலையில் இருப்பவர்கள், கற்பிக்க விரும்பும் ஆசிரியர்கள், கண்ணால் பார்த்து உறுதிசெய்த ஒலிகளைச் சேகரிக்க நினைப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே சரியான தொடக்கம்.

## இரண்டாவது வழி: கடலடியில் விட்டுவைக்கும் பதிவுக் கருவி

மின்கலம், நினைவட்டை, ஒலிவாங்கி எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கும் கருவி இது. நியூசிலாந்தின் சவுண்ட்ட்ராப் ஆய்வாளர்களிடையே பரவலாகப் புழங்குகிறது, விலை பல ஆயிரம் வெள்ளி. ஹைட்ரோமாத் அதைவிட மிகவும் மலிவு. வினாடிக்கு 3,84,000 முறை வரை அளக்கும் என்பதால் கடற்பன்றியின் குரலும் அதன் எல்லைக்குள் வரும். ஆனால் சவுண்ட்ட்ராப்போடு ஒப்பிட்டால் அதன் உள் இரைச்சல் அதிகம், மெல்லிய ஒலிகள் தொலையும். கப்பல் இரைச்சல் எத்தனை டெசிபெல் என்று சொல்லவேண்டிய ஆய்வென்றால், அளவுதிருத்தம் செய்த ஒலிவாங்கி இல்லாமல் தொடங்கவே கூடாது.

என் மனம் சாய்வது இந்த வழியின் பக்கம். இரவு, மழை, விடியல் என்று எந்த நேரத்தையும் விடாமல் கேட்கும். ஓங்கில், கடற்பன்றி, இறால், கப்பல் எல்லாமே அந்தப் பதிவில் இருக்கும். ஐந்தாண்டு கழித்து வேறொருவர் வேறொரு கேள்வியோடு வந்தாலும் அதே பதிவைத் திறந்து விடை தேடலாம். 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கலக் கூட்டம் ஒன்றை அதன் பாடலை வைத்தே இனங்கண்டு அறிவித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய ஒலிப்பதிவுகள் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க வைத்த நீரடி ஒலிவாங்கிகளிலிருந்து வந்தவை. திமிங்கலத்துக்காக எவரும் அவற்றைக் கடலில் இறக்கவில்லை. முழுப் பதிவைச் சேமித்துவைப்பதன் பயன் அப்படிப்பட்டது.

இதன் உண்மையான விலையைப் பார்ப்போம். வினாடிக்கு 3,84,000 முறை, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் ஒரு நாளுக்கு சுமார் 66 ஜிகாபைட். ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 2 டெராபைட். இதைச் சமாளிக்க விட்டுவிட்டுப் பதிவுசெய்வார்கள், அந்த இடைவெளியை யோசித்து வைக்கவேண்டும். ஒரு கடற்பன்றி வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நிதானமாக நீந்தி, 200 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் நடுவே கடந்தால் நாலரை நிமிடத்துக்குள் போய்விடும். 10 நிமிடத்துக்கு 1 நிமிடம் பதிவு என்று வைத்தால் ஏறக்குறைய பாதி விலங்குகள் தப்பிவிடும். 5 நிமிடத்துக்கு 1 நிமிடம் என்றால் வட்டத்தின் நடுவே கடக்கும் எதுவும் பதிவு நேரத்துக்கு வெளியே போகாது. மாதத்துக்கு சுமார் 400 ஜிகாபைட் ஆகும், 512 ஜிகாபைட் நினைவட்டையில் அடங்கிவிடும். அந்த விலங்கு நம் பக்கம் தலையைத் திருப்பிக் குரலெழுப்ப வேண்டும் என்பது தனி. கடற்பன்றியின் ஒலி முன்னோக்கிக் குறுகலாகப் பாய்வது.

அடுத்தது, போட்டதை எடுப்பது. வேகமான நீரோட்டம், சில மீட்டருக்குமேல் கண் தெரியாத கலங்கல் நீர், இழுபடும் நங்கூரங்கள், அறுந்த தூண்டில் நூல்கள். மேலே மிதவை கட்டினால் படகு மோதும், யாராவது அவிழ்த்தும் போகலாம். மிதவை இல்லாமல் விட்டால் முக்குளித்துத்தான் எடுக்கவேண்டும். அதற்குக் கருவியிலிருந்து கடலடியோடு ஒரு நீண்ட கயிறு போட்டுவைப்பது நல்லது. கலங்கலில் கருவி கண்ணில் படாவிட்டாலும் கயிறு கையில் தட்டுப்படும். ஒலிச்சைகை கேட்டதும் தானே விடுபட்டு மேலே வரும் விடுவிப்புக் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றின் விலை பல சமயம் பதிவுக் கருவியின் விலையையே விஞ்சும். நம் வெதுவெதுப்பான கடலில் கொட்டலசும் பாசியும் சில வாரங்களிலேயே ஒலிவாங்கியின்மேல் படர்ந்துவிடும். ஒரு மாதத்துக்குமேல் விட்டுவைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு மாதத்தில் அமாவாசை, பௌர்ணமி ஓதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட மந்த ஓதங்களும் அடங்கிவிடுவதால் ஆய்வுக்கும் அது பொருத்தமான அளவு.

கடைசியாக, கேட்கும் உழைப்பு. ஐந்தில் ஒரு பங்கு பதிவென்றாலும் ஒரு மாதத்துக்கு 144 மணி நேர ஒலி. பாம்கார்ட் என்ற இலவச மென்பொருள் சந்தேகத்துக்குரிய இடங்களைப் பொறுக்கித் தரும். ஆனால் இறால் நிறைந்த நீரில் அது தவறாகவும் பொறுக்கும். ஒவ்வொன்றையும் மனிதக் கண் ஒலிவரைபடத்தில் பார்த்துச் சரிபார்க்கவேண்டும். இந்த வேலைக்கு ஆள் இல்லாத குழு இந்தக் கருவியை வாங்க வேண்டாம். கேட்கப்படாத பதிவுகள் வன்தட்டில் தூங்கும் ஆய்வுகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

## மூன்றாவது வழி: சொடுக்கொலி எண்ணும் கருவி

பிரிட்டனின் எஃப்-பாட் இந்த வகை. அதற்கு முன் சி-பாட் இருந்தது. இது ஒலியைச் சேமிக்காது. ஒவ்வொரு சொடுக்கொலியும் எப்போது வந்தது, எந்த அதிர்வெண், எவ்வளவு நீளம் என்ற விவரத்தை மட்டும் குறித்துவைக்கும். அதனால் மின்கலம் மாதக்கணக்கில் நிற்கும், தரவும் சிறிதாக இருக்கும்.

கடற்பன்றி ஆய்வில் இதன் சாதனை பெரியது. பால்டிக் கடலில் 2011 முதல் 2013 வரை 304 இடங்களில் இக்கருவிகளை வைத்து, அங்கே எஞ்சியிருந்த கடற்பன்றிகள் சுமார் 500 என்று மதிப்பிட்டார்கள். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் அழிவின் விளிம்பிலுள்ள வக்கீட்டா என்ற கடற்பன்றி எந்த வேகத்தில் குறைகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியதும் 2011-இல் தொடங்கிய இதே வகைக் கண்காணிப்புதான். கண்ணால் எண்ண முடியாத அளவுக்கு அருகிவிட்ட விலங்கைச் சொடுக்கொலியால் எண்ணினார்கள்.

சிங்கப்பூரிலும் கடற்பன்றிக்கு மட்டும் என்றால் இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். இங்கே அந்தக் குறுகிய பட்டையில் குரலெழுப்பும் விலங்கு அது ஒன்றுதான், வேறொன்றோடு குழம்ப வாய்ப்பில்லை. ஓங்கில்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. மூன்று இனங்களின் சொடுக்கொலிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. 'ஓங்கில் வந்தது' என்பதோடு கருவி நின்றுவிடும்.

இறால் இங்கேயும் கை வைக்கிறது. சி-பாட்டில் வழக்கமாக நிமிடத்துக்கு 4,096 சொடுக்கொலி என்ற வரம்பு இருந்தது. இறால் ஒலியே அந்த வரம்பை நிரப்பிவிட்டால் மீதி நிமிடத்துக்குக் கருவி எதையும் குறிக்காது. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்கள் பாறைக்குப் பக்கத்தில் அதை வைக்கும்முன் இதை யோசிக்கவேண்டும். மணலோ சேறோ உள்ள அடித்தளத்தில், பாறையிலிருந்து தள்ளி வைத்தால் நிலைமை மேம்படும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்று, திரும்பிக் கேட்க ஒன்றும் இருக்காது. கப்பல் இரைச்சல், மீன்களின் ஒலி, சீழ்க்கை எதுவுமே மிஞ்சாது. உங்கள் முடிவை யாராவது சந்தேகித்தால் போட்டுக்காட்ட ஒலியும் இருக்காது. மின்கலச் செலவும் நங்கூரச் செலவும் இரண்டாவது வழியைப் போலவேதான்.

## நான்காவது வழி: இழுத்துச் செல்லும் ஒலிவாங்கி வரிசை

நீண்ட கம்பியில் பல ஒலிவாங்கிகளைக் கோத்துக் கப்பலின் பின்னால் இழுத்துச் செல்வது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியும், பெரும் பரப்பைக் கடக்கலாம். 2006-இல் யாங்சி ஆற்றில் பாய்ஜி ஓங்கிலைத் தேடி ஆறு வாரம் நடந்த கணக்கெடுப்பில் கண்களோடு ஒலிக்கருவிகளும் துணைபோயின. ஒரு பாய்ஜிகூடக் காணவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஆழ்கடலில் இது இன்றியமையாதது. கூவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று 2017-இல் 222 நிமிடம் நீருக்கடியில் இருந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட விலங்கு மேலே வருவதற்காகக் காத்திருந்தால் கப்பலே அதைக் கடந்துபோய்விடும். ஆனால் அது ஆழத்தில் எழுப்பும் சொடுக்கொலியின் வடிவமும் இடைவெளியும் அதன் இனத்தையே காட்டிக்கொடுக்கும்.

நம் கடலுக்கு இது வேண்டாம். ஆழம் குறைவு, பாறைகள் அருகில், சுற்றிலும் கப்பல் போக்குவரத்து. நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பியை அங்கே இழுப்பது ஆபத்து. அந்தமான் கடல் போன்ற ஆழ்கடலுக்கு ஆய்வுக்கப்பலில் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் அப்போது யோசியுங்கள்.

கரைக்கு உடனுக்குடன் செய்தி அனுப்பும் மிதவைகளும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வெளியே கப்பல்தடத்தில் 2008 முதல் அவை வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் குரலைக் கேட்டு, வேகத்தைக் குறைக்கும்படி கப்பல்களுக்கு எச்சரிக்கை கொடுத்துவந்தன. இது அரசாங்கமும் கப்பல் நிறுவனங்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. சிங்கப்பூரில் ஒருநாள் அது நடக்கவேண்டும் என்று விரும்புகிறேன், ஆனால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் சிறு குழுக்களின் தேர்வில் அது இல்லை.

## ஒரே பார்வையில்

| | தொங்கவிடும் ஒலிவாங்கி | கடலடிப் பதிவுக் கருவி | சொடுக்கொலி எண்ணும் கருவி | இழுக்கும் வரிசை |
|---|---|---|---|---|
| கருவியின் விலை | சில நூறு வெள்ளி முதல் | நூற்றுக்கணக்கில் இருந்து பல ஆயிரம் வரை | பல ஆயிரம் | மிக அதிகம் |
| ஓங்கில் சீழ்க்கை | ஆம் | ஆம் | இல்லை | ஆம் |
| கடற்பன்றி | பெரும்பாலும் இல்லை | ஆம், வேகமாக அளந்தால் | ஆம், மிக நன்றாக | தகுந்த ஒலிவாங்கி இருந்தால் |
| எந்த இனம் என்று தெரியுமா | ஆம், கண்ணால் | ஓரளவு | கடற்பன்றிக்கு மட்டும் | ஆழ்கடல் இனங்கள் சிலவற்றுக்கு |
| இரவு, மழை | இல்லை | ஆம் | ஆம் | கப்பல் இருந்தால் |
| மறைந்த செலவு | படகு வாடகை | எடுத்தல், சேமிப்பு, கேட்கும் நேரம் | எடுத்தல், திரும்பக் கேட்க முடியாமை | கப்பலே செலவு |
| கப்பல் இரைச்சலையும் ஆராயலாமா | சிறிதளவு | ஆம், அளவுதிருத்தம் செய்திருந்தால் | இல்லை | இல்லை |

## அப்படியானால் யாருக்கு எது?

பள்ளி அல்லது தொடக்கக் கல்லூரித் திட்டம், ஒரு பருவம் மட்டுமே நேரம், சில நூறு வெள்ளி என்றால் தொங்கவிடும் ஒலிவாங்கிதான். ஓங்கில் ஒருமுறைகூட வராமல் போகலாம். அப்போதும் இறால் ஒலி பகலிலிருந்து மாலைக்கு எப்படி மாறுகிறது, படகுகள் கடக்கும்போது அதில் எவ்வளவு மூழ்குகிறது என்பதையே நல்ல ஆய்வாக்கலாம். மாணவர்கள் ஏமாந்து திரும்பமாட்டார்கள்.

முக்குளிப்புக் குழுவுக்கு நான் கடலடிப் பதிவுக் கருவியைச் சொல்வேன். மற்றவர்கள் பணம் கொடுத்து அமர்த்தவேண்டிய முக்குளிப்பாளர்கள் உங்களிடமே இருக்கிறார்கள், ஆகப் பெரிய செலவு அங்கேயே குறைந்துவிடுகிறது. கேட்பதற்குப் பொறுமையுள்ள இரண்டு பேரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இதில் ஆர்வத்தோடு வருவார்கள். மலிவான ஹைட்ரோமாத் ஒன்றை முதலில் இறக்கி, நங்கூரமும் மீட்பும் கைக்குப் பழகியபிறகு விலையுயர்ந்த கருவியை இறக்குவது நல்லது. ஒரு மாதப் பதிவை வைத்துப் பருவகால மாற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஒருமுறை, தென்மேற்கின்போது ஒருமுறை, இடைப்பட்ட மாதங்களில் ஒருமுறையாவது வேண்டும்.

பட்டமேற்படிப்பு ஆய்வாளர் ஒருவர் கடற்பன்றியை மட்டும் இரண்டு மூன்று ஆண்டு பின்தொடரப்போகிறார் என்றால், சொடுக்கொலி எண்ணும் கருவிகள் சிலவற்றைப் பல இடங்களில் வைப்பது சரி. அவற்றில் ஒன்றின் பக்கத்திலாவது முழுப் பதிவுக் கருவி ஒன்றும் இருக்கட்டும். எண்ணும் கருவி சொல்வது உண்மைதானா என்று அந்த ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டால் மற்றவற்றின் எண்களையும் நம்பலாம்.

டிரோனைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தெளிந்த கடல்களில் அது அருமையான துணை. நம் கலங்கல் நீரில் மேலே வந்த விலங்கை மட்டுமே காட்டும். 250 கிராமுக்குமேல் உள்ள டிரோனைப் பதிவுசெய்தாக வேண்டும், விமான நிலையங்கள், ராணுவத் தளங்கள் பக்கம் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ஒலிப்பதிவுக்கு மாற்றாக அதை எண்ணவேண்டாம்.

எந்த முறையானாலும், ஒலி இல்லாததை விலங்கு இல்லாததாக எழுதாதீர்கள். ஓங்கில்கள் சில நேரம் வேண்டுமென்றே வாய்மூடிப் போகும். 'இத்தனை மணி நேரம், இந்த அதிர்வெண் வரை, இந்த இடத்தில் கேட்டோம். எதுவும் பதிவாகவில்லை' என்று எழுதினால் அது பிறருக்குப் பயன்படும்.

## வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது

அனுமதிக்கு முதலில் விண்ணப்பியுங்கள், கருவியை அதன்பிறகு வாங்குங்கள். துறைமுக நீர்ப்பரப்பில் எதையாவது நங்கூரமிட்டு விட்டுவைக்கக் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் கேட்கவேண்டும். சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்பூங்காவில் ஆய்வென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். சூடோங், செனாங், பாவாய் தீவுகள் ராணுவத்தின் சுடுபயிற்சிப் பகுதி, அங்கே போகவே முடியாது. நீருக்கடியில் பதிவாகும் ஒலியில் எல்லாக் கலங்களும் அடங்கும் என்பதால், எங்கே, எவ்வளவு நாள், எதற்கு என்று விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலக் கடல் அறிவியல் கழகத்தில் கடல் பாலூட்டிகளை ஆராயும் குழு இருக்கிறது. திட்டம் எழுதும்போதே அவர்களிடம் பேசுங்கள். எங்கே ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், எங்கே இடைவெளி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பதிவு அவர்களுக்கும் உதவவேண்டுமானால் கருவியின் பெயர், அளக்கும் வேகம், ஒலிப்பெருக்க அளவு, ஆழம், இருப்பிடக் குறியீடு, கடிகாரத்தைச் சரிசெய்த நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு கோப்போடும் எழுதிவையுங்கள்.

அனுமதி கிடைக்கும் இடம் நீங்கள் ஆசைப்பட்ட இடமாக இல்லாமல் போகலாம். 8 மீட்டர் ஆழத்துக்குத் திட்டமிட்டவர்களுக்கு 20 மீட்டர் ஆழம் கிடைத்தால் கயிறு, எடை, முக்குளிப்பு நேரம், கருவியின் உறை எல்லாமே மாறும். முன்பே வாங்கியிருந்தால் பாதியைத் திரும்ப வாங்கவேண்டிவரும்.